பாய்லர் பக்கத்தில் முதலாளி

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு மாதமாகப் பேசாமல் இருந்துவிட்டு இப்போது கடிதம் எழுதுகிறாளே, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது போல என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய்.

போன் செய்திருக்கலாம். ஆனால் மூன்றாவது நிமிடம் நீ கத்துவாய், நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு 'நிறுவனக் கோட்பாடு' என்று ஒரு பாடம். பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தால் அதற்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஆராய்வது. அறிஞர்களுக்குள் இதில் ஒத்த கருத்தே கிடையாது. நிறுவனம் ஓர் இயந்திரம், பாகங்களைச் சரிசெய்தால் போதும் என்கிறது ஒரு கட்சி. இயந்திரமாவது ஒன்றாவது, மனிதர்களின் மனசைப் பார் என்கிறது இன்னொன்று. அதிகாரம் யார் கையில் என்று பார், மற்றதெல்லாம் வெளிப்பூச்சு என்கிறது மூன்றாவது. அங்கே இருப்பவர்கள் அந்த இடத்துக்கு என்ன அர்த்தம் கொடுக்கிறார்களோ அதுதான் நிறுவனம் என்று நான்காவதாக ஒரு கட்சி. சண்டை ஓயவே இல்லை. நம் வீடு மாதிரி என்று வைத்துக்கொள்.

ஒவ்வொருவரும் ஒரு நிறுவனத்தை எடுத்து, நான்கு கோணத்திலும் ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். கூடப் படிப்பவர்களுக்கு சிமெண்டு கம்பெனியில் மாமா, கப்பல் கம்பெனியில் சித்தப்பா என்று இருக்கிறார்கள். எனக்கு இருப்பது, அப்பா நம் இருவருக்கும் ஆளுக்குப் பாதியாக எழுதி வைத்த சலவைக்கடை ஒன்றுதான்.

கிளம்பிய அன்று எல்லார் முன்னாலும் "இது கம்பெனியே இல்ல, உன் கோபத்துக்குப் போட்ட ஷெட்டு" என்று நான் சொன்னது மறக்கவில்லை. நீயும், "போய்ப் படிச்சுட்டு வந்து சொல்லுடி" என்றாய். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நாற்பது கேள்விகள் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பதில் எழுது.

உன் தங்கை,
பாதிப் பங்குதாரர்


ஜூலை 12

தங்கைக்கு,

நாற்பது கேள்வியையும் படித்தேன். இதைத் தயாரித்தவர் தன் வாழ்நாளில் ஒரு தலையணை உறையைக்கூடத் துவைத்திருக்க மாட்டார்.

நிறுவனத்தின் குறிக்கோள் என்ன என்று கேட்டிருக்கிறாய். அழுக்கு போக வேண்டும். நீண்டகாலக் குறிக்கோள்? அழுக்கு திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் நமக்கு வேலை ஏது? முடிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன? நான் எடுப்பேன். உன் அத்தான், "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்பார். தகவல் பரிமாற்ற முறைகள்? கத்துவது. மெஷின் ஓடும்போது இன்னும் பலமாகக் கத்துவது.

ஊழியர்களின் பொறுப்புகளைக் கேட்டிருக்கிறாய். நீ போன பிறகு யாரும் மாறவில்லை. குறியம்மாதான் இன்னும் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் கலர் நூலில் குறி தைக்கிறார். வருகிற ஆறு வாடிக்கையாளர் துணியும் வெள்ளை. ஆஸ்பத்திரி எது, ஓட்டல் எது, சலூன் எது என்று அந்த நூலைப் பார்த்துப் பிரிப்பதும் அவரே. இஸ்திரிக்காரர் இஸ்திரி போடுகிறார். வேன் டிரைவர் வேன் ஓட்டுகிறார், வாயும் ஓட்டுகிறார். உன் அத்தான் டெலிவரி பட்டியல் எழுதுகிறார். 

முப்பத்தெட்டாவது கேள்வி: 'ஊழியர்கள் வெளியேறக் காரணம் என்ன?' பதினாறு வருடத்தில் ஒருத்திதான் வெளியேறினாள். காரணத்தை அவளிடமே கேட்டுக்கொள்.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பத்தெட்டாவது பதிலைப் படித்தேன். அதை அறிக்கையில் சேர்க்கப் போவதில்லை.

முதல் கோணத்தில் தொடங்கிவிட்டேன். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் அளந்து, வீணானதை வெட்ட வேண்டும். நினைவிலிருந்தே நம் கடையை வரைந்து பார்த்தேன். இஸ்திரிக்காரர் ஒவ்வொரு கட்டையும் தூக்கிக்கொண்டு ஷெட்டின் அந்தக் கோடி வரை நடந்து போய்க் குறியம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு வருகிறார். எதற்கு? அவர் பக்கத்திலேயே ஒரு அலமாரி போட்டால் நடையே மிச்சம்.

அத்தானை ஒரு வாரம் நேரம் அளக்கச் சொல். விஞ்ஞானத்துக்காக.

தங்கை


ஆகஸ்ட் 3

தங்கைக்கு,

உன் விஞ்ஞானம் இங்கே வந்து சேர்ந்தது. சொல்கிறேன், கேள்.

உன் அத்தான் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டார். எங்கே வாங்கினார் என்று தெரியவில்லை, ஆனால் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு களை இல்லை. இஸ்திரிக்காரர் வழக்கமாக மணிக்கு நாற்பது விரிப்பு போடுவார். முதல் நாள் அறுபத்தொன்று போட்டார், வெட்கத்தில். இரண்டாம் நாள் பத்தொன்பது, ஆத்திரத்தில். மூன்றாம் நாள் அவரும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். மாலையில் என்னிடம் வந்து, "அம்மா, சார் இன்னிக்கு பாத்ரூம்ல பதினொரு நிமிஷம் இருந்தாரு. பேப்பர் எடுத்துட்டுப் போனாரு. அதையும் படிக்கிற பிள்ளைக்கு எழுதி அனுப்பிடுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

அலமாரியும் போட்டோம். நடை மிச்சமாயிற்று. வியாழக்கிழமை ஓட்டலிலிருந்து மூன்று விரிப்பு கறையோடு திரும்பி வந்தது. இத்தனை வருடமாக அந்த மனிதர் கட்டைத் தூக்கிக்கொண்டு சும்மா நடக்கவில்லையாம். போகிற போக்கில் குறியம்மாவிடம், "மேல ரெண்டாவதுல காபிக் கறை, திருப்பிப் போடு" என்று சொல்லிவிட்டு வருவாராம். நீ வெட்டியது நடையை இல்லை, அந்தப் பேச்சை.

அலமாரியில் இப்போது உன் அத்தான் செருப்பு வைத்திருக்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். பதினொரு நிமிடம் என்ற இடத்தில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, "உங்க அக்கா ரெண்டாவது கட்சிக்கு வந்துட்டாங்க, அவங்களுக்கே தெரியாம" என்றார்.

உண்மைதான். வேலைக்கு நடுவே மனிதர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் உறவுதான் வேலையையே நடத்துகிறது என்பது இரண்டாவது கோணம். ஜூலையில் நான் முதல் கட்சி. இப்போது தாவிவிட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தாவிவிட்டார்கள்.

இந்தக் கோணத்தின்படி நீ எல்லாரையும் உட்கார வைத்து, மனசில் இருப்பதைக் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றால், நீ பேசாமல் இருக்க வேண்டும். பேசத் தயங்குகிறவர்களுக்காகப் பெயர் எழுதாமல் சீட்டுப் போடும் பெட்டி ஒன்றும் வை.

ஸ்டாப்வாட்ச் விஷயத்தில் இஸ்திரிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஆகஸ்ட் 29

தங்கைக்கு,

சொன்னேன். "பரவால்ல, புதுசா படிக்கறப்போ அப்படித்தான் இருக்கும்" என்றார்.

கூட்டம் போட்டேன். மெஷினையெல்லாம் நிறுத்திவிட்டு, "உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன். மெஷின் சத்தம் இல்லாத அந்த ஷெட்டில் எனக்குப் பயமாகவே இருந்தது. பிறகு டிரைவர் ஆரம்பித்தார். வேனின் பின்கதவில் ஆரம்பித்து, தன் மூத்த மருமகன் கதை வழியாக, மறுபடி பின்கதவுக்கு வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. வந்த தைரியமெல்லாம் என் மேல்தான். நான் கத்துகிறேன். பேர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏய்" என்கிறேன். சரியாகச் செய்த வேலையைப் பார்ப்பதே இல்லை. நான் வாய் திறக்கவில்லை. உள்நாக்கு வரைக்கும் வந்தது, விழுங்கினேன். குறியம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இனி பெட்டி விஷயம். சோப்புத்தூள் டப்பாவில் ஓட்டை போட்டு வைத்தோம். ஒரு வாரத்தில் பதினொரு சீட்டு. அதில் ஒன்பது ஒரே கையெழுத்து. எழுத்தையெல்லாம் இடது பக்கம் சாய்த்து எழுதியிருந்தது. சாய்த்தால் எனக்குத் தெரியாதா? பதினாறு வருடமாக அந்தக் கையெழுத்தில் டெலிவரி பட்டியல் பார்க்கிறேன்.

'நிர்வாகி தன் கணவரின் யோசனைகளையும் கேட்கலாம்.' 'டெலிவரி பட்டியல் எழுதுபவருக்குத் துணியைத் தொடும் வேலையும் கொடுத்தால் நன்றாக இருக்கும்.' 'எல்லாவற்றுக்கும் நானும் அதைத்தான் நெனச்சேன் என்று சொல்பவர் உண்மையில் வேறு நினைத்திருக்கலாம்.'

அன்று மாலை அவரிடம், "வேற என்ன நெனச்சீங்க?" என்று கேட்டேன். "எப்போ?" என்றார். "இத்தன வருஷமா" என்றேன். மனிதர் ஆடிப்போய்விட்டார். சாப்பிட்டு முடிக்கும் வரை யோசித்துவிட்டு, "பட்டியல் போட்டுச் சொல்றேன்" என்றார்.

நீ படிப்பது ஆபத்தான படிப்பு.

அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு என் வணக்கங்கள். ஒன்பது சீட்டையும் பத்திரமாக வை, எனக்கு வேண்டும்.

மூன்றாவது கோணத்துக்கு வந்துவிட்டேன். இது கொஞ்சம் கசப்பானது. யார் முதலாளி என்று போர்டில் எழுதியிருப்பது வேறு, யாரை நம்பிக் கடை ஓடுகிறது என்பது வேறு என்கிறது இது. வேறு யாராலும் செய்ய முடியாத வேலை யார் கையில் இருக்கிறதோ, அவர் பக்கம்தான் அதிகாரம் சாய்ந்திருக்கும்.

நீ எழுதிய பதில்களை வைத்து, யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று கோடு போட்டு ஒரு படம் வரைந்தேன். எல்லாக் கோடும் போய்ச் சேரும் இடத்தில் நடு வட்டம். அதில் குறியம்மா இருக்கிறார். நீ ஓரத்தில், பாய்லருக்குப் பக்கத்தில் வந்திருக்கிறாய். நான் வேண்டுமென்றே செய்யவில்லை, கோடுகள் அப்படிப் போகின்றன.

படத்தை இணைத்திருக்கிறேன். நீ மட்டும் பார்.

தங்கை


செப்டம்பர் 11

தங்கைக்கு,

பாய்லர் பக்கத்தில்!

உன் அத்தான் படத்தை மேஜையில் விரித்தபடியே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஷெட்டே பார்த்துவிட்டது. டிரைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சூடா இருக்குமே அம்மா அங்க" என்கிறார்.

குறியம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் காலை என் முன்னால் வந்து நின்று, "நாலு நாள் லீவு வேணும்" என்றார். பதினான்கு வருடத்தில் ஒரு நாள் லீவு கேட்டதில்லை. எதற்கு என்றும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நடு வட்டம் தன் பலத்தைக் காட்டிப் பார்க்கிறது. "தாராளமா போங்க, எட்டு நாள்கூட எடுத்துக்குங்க" என்றேன்.

நாளையிலிருந்து அவர் இல்லாமல் கடை ஓடும். ஓடிய பிறகு படத்தைத் திருத்தி அனுப்பு.

அக்கா


செப்டம்பர் 17

தங்கைக்கு,

ஓடவில்லை.

எட்டு நாள் என்றேனே, குறியம்மா அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த நூல் குறியை ஒருவராலும் படிக்க முடியவில்லை. சிவப்பு இரண்டு தையல் ஆஸ்பத்திரி என்று நினைத்தோம். துவைத்துத் துவைத்துச் சிவப்பே வெளுத்து ஆரஞ்சாகியிருக்கிறது, ஆரஞ்சு வேறு யாரோ. வெள்ளையெல்லாம் வெள்ளைதானே என்று மடித்து அனுப்பிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போயிருக்கிறார். பையில் 'உணவு பரிமாறுபவர்' என்று தைத்திருக்கிறது. மூன்றாவது கட்டிலில் இருந்தவர் கஞ்சியில் உப்பில்லை என்று அவரிடம் புகார் செய்திருக்கிறார். ஓட்டலில் விருந்தாளிகளுக்குப் போனது சலூன் துண்டு. தலைச்சாயக் கறையோடு. சலூனுக்குப் போனது என்ன என்று இன்னும் தெரியவில்லை, அவர்கள் போனையே எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஓட்டல்காரர் திட்டிவிட்டு விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி விடவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. ஷெட்டுக்கு வரும் துணியில் பாதி அவர்களுடையது என்று உனக்குத் தெரியும். பாதித் துணி போனால் பாதி ஆட்களை அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது? இஸ்திரிக்காரரையா?

எனக்குக் கத்தத் தெரியும், விளக்கம் சொல்லத் தெரியாது. நீ வா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் இரண்டரைக்கும் ஐந்தேகாலுக்கும் இருக்கிறது. சும்மா எழுதி வைக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமை எனக்கு எழுத்துத் தேர்வு. தேர்வை விட்டுவிட்டு வரத் தயாராகத்தான் பையை எடுத்து வைத்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் வந்து என்ன செய்வேன்? ஆஸ்பத்திரியிடம் நான்கு கோணங்களைச் சொல்வேன். நீ பார்த்திருக்கிறாய், நான் சொன்ன ஒவ்வொன்றாலும் என்ன நடந்தது என்று.

மதிப்பெண்ணுக்காக உன் கடையைக் கலைத்துவிட்டேன், அக்கா. காகிதத்தில் கோடு போடுவது சுலபம். கோட்டின் அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஒருவரிடமும் கேட்காமலே போட்டேன். கிளம்பிய அன்று நம் ஷெட்டைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். பதினாறு வருடம் நீ அங்கே நின்றது எதற்காக என்று கேட்காமலே சொன்னேன்.

இது கோட்பாடு இல்லை, எனக்குத் தோன்றுவது மட்டும்: முதலில் குறியம்மா வீட்டுக்குப் போ. எதற்கு லீவு எடுத்தார் என்று கேள். கத்தாமல் கேள்.

தங்கை


செப்டம்பர் 25

தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பதினான்கு வருடத்தில் அவர் வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கன்னம் பலூன் மாதிரி வீங்கியிருந்தது.

"என்னாச்சு?" என்றேன்.

"பல்லு பிடுங்கினேன்" என்றார். "ரெண்டு."

"அதுக்கா லீவு?"

"வேற எதுக்கு?"

இரண்டு வருடமாக வலியாம். தான் ஒரு நாள் வராவிட்டால் மூட்டையெல்லாம் கலந்துபோகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். "அந்தப் படத்தைப் பார்த்ததும்தான் தோணுச்சு. நான் நடுவுல இருக்கேன்னா, நான் கேட்டா லீவு கிடைக்கும் போலிருக்கேன்னு" என்றார். "அதிகாரம்னு போட்டிருந்துச்சு. எனக்கு அது அதிகாரமாத் தெரியல. பல் டாக்டரப் பார்க்கக்கூட விடாத வேலை, அவ்வளவுதான்."

இதை உன் பேராசிரியரிடம் சொல்.

ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னேன். டாக்டரிடம் கஞ்சிக்கு உப்பு கேட்ட கதையில் சிரித்துவிட்டு வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நானும் வர்றேன். ஆனா நீங்கதான் பேசணும், என்னால வாய் திறக்க முடியாது" என்றார்.

போனோம். ஆஸ்பத்திரித் துணிகளுக்குப் பொறுப்பான அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். குறி இவர் தலையில் மட்டும் இருந்தது, அதை எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, இவர் பல்வலியோடு இரண்டு வருடம் நின்றதும் எனக்குத் தெரியாது, தப்பு முழுக்க என்னுடையது என்று. பழக்கமில்லாத பேச்சு, நாக்கு குளறியது. அந்த அம்மாள் குறியம்மாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க மருந்து ஸ்டோர்லயும் இப்படி ஒருத்தர் இருக்காரு. அவரு லீவு போட்டா நாங்களும் செத்தோம்" என்றார். மூன்று மாதம் பார்க்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது குறியெல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. குறியம்மா சொல்லச் சொல்ல இஸ்திரிக்காரரும் உன் அத்தானும் கற்றுக்கொள்கிறார்கள். உன் அத்தானுக்கு நிறம் பிரித்துப் பார்க்க வரவில்லை, ஆனால் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையில் தப்புச் செய்து நான் பார்த்ததில்லை. குறியம்மாவுக்கு இனி மாதம் இரண்டு நாள் லீவு, கேட்காவிட்டாலும்.

தேர்வு எப்படி எழுதினாய்?

அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தேர்ச்சி. 'நான்கு கோணங்களில் சரியானது எது?' என்று கேள்வி. இயந்திரமாகப் பார்த்தபோது பேச்சு காணாமல் போயிற்று, மனசாகப் பார்த்தபோது பல்வலி தெரியவில்லை, அதிகாரமாகப் பார்த்தபோது சுமை தெரியவில்லை, அர்த்தமாகப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை என்று எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில், 'பல்லுக்கு முழு மதிப்பெண்' என்று எழுதியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். வகுப்பு மொத்தமும் கடையைப் பார்க்க வர விரும்புகிறது. இருபத்தாறு பேர். நானும் வருவேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

தங்கை


அக்டோபர் 13

தங்கைக்கு,

இருபத்தெட்டாம் தேதி வரட்டும். செவ்வாய்க்கிழமை, துணி குறைவாக இருக்கும்.

அக்கா


நவம்பர் 1

தங்கைக்கு,

நீங்கள் எல்லாரும் பஸ் ஏறிய பிறகுதான் உட்கார்ந்தேன். உன்னோடு தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று இருந்தேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ அழகாகத்தான் ஆரம்பித்தாய். கையில் தாளை வைத்துக்கொண்டு, முதல் கோணம், இரண்டாம் கோணம் என்று. நான் பாய்லர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமாம், பாய்லர் பக்கத்தில்தான், அங்கேதான் நன்றாகக் கேட்கிறது. மூன்றாம் கோணத்தில் இருக்கும்போது ஆஸ்பத்திரி வேன் வந்தது. புதன்கிழமை வர வேண்டியதைச் செவ்வாயே அனுப்பிவிட்டார்கள், முப்பது மூட்டை.

நீ தாளை யார் கையிலோ கொடுத்துவிட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தாய். ஏழு மூட்டை வரை சரியாகத்தான் போட்டாய். எட்டாவதைத் துவைத்த ஈரத் துணிப் பக்கம் தூக்கிப் போட்டாய் பார், நான் என்னை மறந்து, "ஏய், கண்ணு எங்கடி இருக்கு?" என்று கத்திவிட்டேன். நீயும், "நீ நடுவுல நின்னா எங்க போடறது?" என்று கத்தினாய். அப்புறம் முப்பது மூட்டையும் முடியும் வரை நாம் நிறுத்தவில்லை. உன் பேராசிரியர் சுவரோரமாக நின்று பயந்துபோய்ப் பார்த்தார். இஸ்திரிக்காரர் அவரிடம், "ஒண்ணுமில்ல சார், இப்பதான் சரியாயிடுச்சு" என்றாராம்.

இன்று பெருக்கும்போது உங்கள் கூட்டத்தில் யாரோ குறிப்பெடுத்த தாள் ஒன்று கிடைத்தது. அதில் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'மணி 11.20. இரண்டு முதலாளிகளும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். வேலை நிற்கவில்லை, வேகம் கூடியிருக்கிறது. இருவரும் சந்தோஷமாக இருப்பதுபோலத் தெரிகிறது. இது எந்தக் கோட்பாட்டில் வரும் என்று தெரியவில்லை.'

எனக்கும் தெரியவில்லை. தேர்வில் கேட்டால் நீயே பார்த்து எழுதிக்கொள்.

உன் அக்கா,
மற்ற பாதி